எந்த நாளின் நீலம்

விமானத்தின் பக்கவாட்டு வண்ணப்படத்தில் ஆகாயம் இருக்காது. தரையும் நிழலும் இருக்காது. வெள்ளைத் தாளின் நடுவில் மூக்கை இடப்பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு விமானம் நிற்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் விமானத்தின் வகை, படைப்பிரிவின் எண், தளத்தின் பெயர், ஆண்டு. விமானப் புத்தகங்களைப் புரட்டி வளர்ந்தவர்களுக்கு இந்தப் படம் புகைப்படத்தைவிட நெருக்கமானது. அவர்கள் அதைப் புரொஃபைல் என்றே சொல்வார்கள். புகைப்படத்தில் ஆட்களும் ஏணிகளும் பாதியை மறைத்திருப்பார்கள். இங்கே கடைசி ரிவெட் வரை தெரியும். ஆனால் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே ஒரு நெருடல் ஏறுகிறது. இந்தப் படத்தில் இருப்பதைப்போல அந்த விமானத்தை எந்தக் கண்ணும் பார்த்ததில்லை. ஓர் இடத்தில் நின்று பார்க்கிறவருக்கு மூக்கு பெரிதாகத் தெரிந்தால் வால் சிறுத்துத்தான் தெரியும். விமானத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் எதிரே நின்று பார்க்கும் பார்வை வரைபடத்துக்கு மட்டுமே வாய்க்கும். ஓசூர் சிப்காட்டில் டூல் ரூமில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க அவர்கள் கையில் இருப்பது எலிவேஷன் எனும் நேர்த்தோற்ற வரைபடம்தான். ஒரு பல்சக்கரத்தின் எலிவேஷன் யாரையும் உறுத்துவதில்லை, அதில் நிறம் கிடையாது. கோட்டில் சந்தேகம் வந்தால் மறுபடி அளந்து பார்த்துக்கொள்ளலாம். நிறமோ ஒரு குறிப்பிட்ட நாளைச் சேர்ந்தது. அந்த நாள் போனபின் அளந்து பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

போர்க்கால உளவு விமானம் என்றால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். கேட்டலினாவை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் உருவாக்கி, 1935 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்த இரட்டை எஞ்சின் பறக்கும் படகு. இறக்கை நுனிக்கு நுனி 104 அடி. வேகம் குறைவு, பொறுமை அதிகம்: மணிக்கு இருநூறு கிலோமீட்டர் அளவில் கடலின்மேல் இருபது மணி நேரம்கூடச் சுற்றிக்கொண்டிருக்கும். உடலின் பின்பகுதியில் இரு பக்கமும் கண்ணாடிக் குமிழ்கள் புடைத்திருக்கும். அவற்றுக்குள் ஆட்கள் உட்கார்ந்து அலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் வங்காள விரிகுடாவைக் கண்காணித்த பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலினாக்கள், இன்று சென்னை குடிக்கும் செங்குன்றம் ஏரியில் மிதந்து நின்றவை. இலங்கையின் தெற்குக் கரையில் கொக்கலை ஏரி இன்னொரு தளம். பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் பெங்களூர். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை 1943இல் அமெரிக்க ராணுவ விமானப்படையின் பொறுப்புக்குப் போனது. அதற்கு வந்த கேட்டலினாக்கள் இறங்கியது பக்கத்திலிருந்த பெள்ளந்தூர் ஏரியில். சக்கரம் இல்லாத பறக்கும் படகுகளுக்கு நீரில் வைத்தே தற்காலிகச் சக்கரங்களைப் பூட்டிக் கரையேற்றுவார்கள்.

ஓசூரிலிருந்து பெள்ளந்தூர் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். சாலையைவிட நீர்வழிதான் இரண்டையும் இறுக்கமாகப் பிணைக்கிறது. பெள்ளந்தூர் ஏரியின் நீர் வர்த்தூர் ஏரிக்கு வழிந்து, அங்கிருந்து தென்பெண்ணையில் சேர்ந்து, மாநில எல்லையைத் தாண்டி ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் வந்து நிற்கிறது. பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடலூர். மழைக்காலத்தில் கெலவரப்பள்ளியின் மதகுகளைத் திறக்கும்போது நுரை மலைபோல் எழுந்து பாலங்களை மூடுவதைத் தமிழகம் ஆண்டுதோறும் செய்தியில் பார்க்கிறது. பெங்களூரின் கழிவுநீர் கலந்து வரும் நுரை அது. கேட்டலினாக்கள் இறங்கிய காலத்தில் அந்த ஏரியின் நீர் என்ன நிறத்தில் இருந்திருக்கும்? விமானத்தை வரைபவருக்கு இது வெளிக்கேள்வி அல்ல. பறக்கும் படகின் அடிவயிற்றில் நீர்க்கோடு என்று ஒன்று உண்டு. நாள்கணக்கில் ஏரியில் கட்டிக் கிடக்கும் உடலில், நீர் தொட்டு நிற்கும் உயரம்வரை பாசியும் கசடும் ஏறும். அதற்கு மேலே வெயில். நன்னீர் ஏரியின் கறை ஒரு மாதிரி, உப்புநீர்க் கழிமுகத்தின் கறை வேறு மாதிரி. பெரும்பாலான புரொஃபைல்களில் அடிவயிறு ஒரே சீரான வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து அன்று காலைதான் வந்த விமானம் என்றால் அது சரி. அப்படியானால் படத்தின் கீழே எழுதியிருக்கும் ஸ்குவாட்ரன் பெயரும் தளத்தின் பெயரும் சரியாக இருக்க முடியாது. அந்தப் பெயர்களை அது பெறுவதற்குள் ஒரு கடலையாவது தாண்டியிருக்க வேண்டும்.

இறக்கைக்கு அருகே போய்ப் பார்த்தால் சங்கதி இன்னும் நுணுக்கமாகிறது. கேட்டலினாவின் இறக்கை முழுவதும் உலோகத்தால் போர்த்தப்பட்டதல்ல. பின்விளிம்பை ஒட்டிய பகுதியிலும், திருப்பவும் ஏற்றி இறக்கவும் அசைக்கிற வால் துடுப்புகளிலும் துணிதான். இழுத்துக் கட்டிய துணியின்மேல் டோப் என்ற செல்லுலோஸ் பூச்சைத் திரும்பத் திரும்ப அடித்து, காயக் காய அது இறுகி மத்தளத்தோல்போல விறைத்து நிற்கும். அந்த வேலை நடக்கிற கொட்டகையில் முற்றிக் கனிந்த வாழைப்பழ வாசனை மூக்கைத் துளைக்கும், என்.சி. தின்னர் டப்பாவைத் திறந்து பழகியவர்களுக்கு அதன் அண்ணன் தம்பி வாசனை தெரியும். உலோகத்தின் மேல் ஒரு வகைப் பெயின்ட், துணியின் மேல் இன்னொரு வகை. இரண்டுக்கும் டப்பாவில் எழுதியிருக்கும் பெயர் ஒன்றே. அடித்த அன்று இரண்டும் ஒத்துப்போகும். தக்காணத்து வெயிலில் ஒரு கோடை கழிந்தால் துணிமேல் இருப்பது ஒரு விதமாகவும் உலோகத்தின் மேல் இருப்பது இன்னொரு விதமாகவும் வெளுத்துப் போகும். சுடுநாட்டுத் தளங்களில் எடுத்த பழைய படங்களில் சில விமானங்களின் சுக்கான் மட்டும் ஒரு படி வெளிறித் தெரிவது இதனாலும் இருக்கலாம், அந்தத் துண்டை மட்டும் புதிதாக மாட்டியதாலும் இருக்கலாம். வரைபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இரண்டையும் ஒதுக்கி உடல் முழுக்க ஒரே நிறத்தை நிரப்பினால் அதுவும் ஒரு தேர்வுதான், பார்ப்பவருக்கு அது தேர்வு என்று தெரியாது.

கிழக்கே போரிட்ட விமானங்களை வரைபவரை மிகவும் அலைக்கழிப்பது வட்டக்குறியின் நீலம். பிரிட்டிஷ் விமானங்களின் வட்டக்குறிக்கு நடுவில் சிவப்பு இருந்தது. ஜப்பானிய விமானங்களின் குறி சிவப்பு வட்டம் மட்டுமே. வானத்தில் ஓரிரு நொடி பார்த்துச் சுடுகிறவருக்கு, நடுவில் இருக்கும் அந்தச் சிவப்புப் பொட்டே போதும், தன் ஆளையே எதிரியாகக் கொள்வதற்கு. அமெரிக்கர்கள் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பை 1942 மே மாதம் நீக்கினார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த பிரிட்டிஷ், இந்திய விமானப்படை விமானங்களிலும் 1942, 43 வாக்கில் சிவப்பு போனது. அதன்பின் வட்டத்தின் வெளியே கரு நீலம், உள்ளே வெள்ளை. வெள்ளை தூரத்திலிருந்தே பளிச்சென்று காட்டிக்கொடுத்ததால் அதையும் மாற்றி வெளிர் நீலம் ஆக்கினார்கள். அந்த வெளிர் நீலம் கிடங்கிலிருந்து டப்பாவில் வந்த ஒன்றாகவே எப்போதும் இருந்ததில்லை. கையிருப்பில் இருந்த கரு நீலத்தையும் வெள்ளையையும் கலந்து அங்கங்கே தயாரித்ததும் உண்டு. கலந்தது யார்? ஏதோ ஒரு பெயின்டர். வாளியில் எவ்வளவு வெள்ளை, எவ்வளவு நீலம் என்பது அன்றைக்கு மிச்சம் இருந்ததைப் பொறுத்தது, அவர் கண்ணைப் பொறுத்தது, மேற்பார்வையாளர் போதும் என்று சொன்ன நேரத்தைப் பொறுத்தது. ஒரு தளத்தில் அது மைனா முட்டை நீலமாக இருந்திருக்கும், இன்னொன்றில் துவைத்து வெளுத்த சட்டை நீலமாக. இன்று புத்தகங்களில் அதற்கு ஒரே பெயரும் ஒரே எண்ணும் கொடுத்திருக்கிறார்கள்.

சாட்சி சொல்ல வேண்டிய புகைப்படமோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அதிலும் பிலிம் இரண்டு வகை. ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு அதில் கறுப்பாக விழும், மஞ்சள் இருண்டு போகும், நீலம் வெளுத்துவிடும். பான்குரோமாட்டிக் பிலிம் எல்லா நிறத்தையும் உணர்ந்துகொள்ளும், ஆனால் கேமராவின் முன்னே மஞ்சள் ஃபில்டர் போட்டிருந்தால் நீலம் மறுபடி இருண்டுவிடும். எந்தப் பிலிம், எந்த ஃபில்டர் என்று படத்தின் பின்னே யாரும் எழுதி வைப்பதில்லை. ஆக ஒரே விமானத்தின் வட்டக்குறி ஒரு படத்தில் இரண்டு தெளிவான வளையமாகவும் இன்னொரு படத்தில் ஒன்றோடொன்று கலந்த சாம்பலாகவும் தெரியும். கைதேர்ந்த வரைஞர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். படத்தில் நிறம் உறுதியாகத் தெரிந்த ஏதாவது ஒன்றைத் தேடுவார்கள்: ஒரு தேசியக் கொடி, மஞ்சள் என்று எல்லோருக்கும் தெரிந்த எச்சரிக்கைப் பட்டை. அது என்ன சாம்பலாக விழுந்திருக்கிறது என்று பார்த்து, பிலிம் எது என்று ஊகித்து, அங்கிருந்து மற்ற சாம்பல்களை நிறங்களாக மொழிபெயர்ப்பார்கள். துப்பறியும் வேலை. அதன் பொறுமை வியக்க வைக்கிறது. ஆனாலும் கடைசியில் கிடைப்பது ஒரு வரம்புதான்: இந்த நீலம் இதைவிடக் கருத்திருக்க முடியாது, இதைவிட வெளுத்திருக்க முடியாது. அந்த வரம்பைத் தாளில் எப்படி வரைவது?

முன்பு குவாஷ் வண்ணத்தைக் கையால் கலந்து வரைந்தவர்களின் படத்தில் தூரிகை விட்ட ஏற்ற இறக்கம் கொஞ்சம் இருக்கும். நீலம் ஓரிடத்தில் கெட்டியாகவும் ஓரிடத்தில் நீர்த்தும் இருக்கும். கணினியில் வரைகிறவருக்கு அந்தத் தயவு இல்லை. திரை ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் கேட்கிறது, எண் ஏறக்குறைய என்று இருக்க முடியாது. அதற்காக அவர் பிற்காலத் தர அட்டவணைகளைத் தேடிப் போகிறார். இரண்டாம் உலகப் போர் விமானங்களின் நிறங்களுக்கு அமெரிக்க ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595இன் எண்களைக் கொடுப்பது வழக்கம். அந்த அட்டவணை வெளிவந்தது 1956இல், போர் முடிந்து பதினோரு ஆண்டு கழித்து. அது சேருமிடத்தின் திசையைக் காட்டும் ஒரு கைகாட்டி. எத்தனையோ பேர் அதையே சேருமிடமாக எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு குழப்பம் பிறந்த இடத்திலேயே தொடங்கியது. பிரிட்டன் வாங்கிய கேட்டலினாக்களுக்கு அமெரிக்கத் தொழிற்சாலையில்தான் பெயின்ட் அடித்தார்கள், பிரிட்டிஷ் பெயர்களுக்கு இணையான அமெரிக்கப் பெயின்ட்களைக் கொண்டு. எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே, டார்க் ஸ்லேட் கிரே என்று ஆவணம் சொல்லும். உண்மையில் இறக்கையில் இருந்தது அவற்றின் அமெரிக்க உறவுக்காரர்கள்.

ஓசூர் இந்தப் பேச்சுக்கு அந்நியமான ஊர் இல்லை. லாரி, பைக், கைக்கடிகாரம் என்று நிறம் பூசி அனுப்புகிற ஊர். அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும், அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகளும் ஷேடு என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லுமோ. பெட்ரோல் டேங்கை ஒருவர் பெயின்ட் செய்கிறார், பிளாஸ்டிக் பக்கமூடியை வேறொரு ஊரில் இன்னொருவர் பெயின்ட் செய்கிறார். இரண்டும் ஒரே வண்டியில் ஒட்டி உட்காரும்போது ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். அதற்கு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை வைத்து டெல்டா-இ என்ற எண்ணை அளக்கிறார்கள். அந்த எண் கூடக் கூட இரண்டு நிறத்துக்கும் இடைவெளி கூடுகிறது, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் பாகம் திரும்பிவிடும். எண் சரியாக இருந்தாலும் விட்டுவிடுவதில்லை. விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பகல் ஒளியில் ஒரு முறை, கடை விளக்கு ஒளியில் ஒரு முறை பார்ப்பார்கள். பகலில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சிவப்பு டியூப் லைட்டின் கீழே பிரிந்து நிற்பதுண்டு. கலந்த நிறமிகள் வேறுவேறாக இருந்தால் அப்படித்தான் நடக்கும். ஒப்பிட வைத்திருக்கும் மாஸ்டர் பேனலை உறையில் போட்டு இருட்டில் வைக்கிறார்கள், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றுகிறார்கள். அளவுகோலே வெளுக்கும் என்று தெரிந்தவர்களின் ஏற்பாடு அது. நிறத்தைப் பற்றி இவ்வளவு எச்சரிக்கையோடு இருக்கும் ஒரு தொழிலாளியிடம், எண்பது ஆண்டு முன்பு வாளியில் கலந்து, கடலின்மேல் வெயிலில் காய்ந்து, சாம்பல் நிறப் படத்தில் மட்டும் மிஞ்சிய ஒரு நீலத்துக்கு எண் கேட்டால் அவர் பேனலைக் கேட்பார். பேனல் இல்லை என்றால் ஷேடு கொடுக்க மாட்டார். வரைஞர் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. இரண்டு தொழிலுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது, யார் அதிகக் கவனமானவர் என்பதில் இல்லை.

    

உளவு விமானத்தின் நிறத்துக்குள் ஒரு முரண் அடங்கியிருக்கிறது. அந்த நிறம் பார்க்கப்படாமல் இருப்பதற்காகப் பூசியது. அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகளைத் தேடிய பிரிட்டிஷ் விமானங்கள் பல தொடக்கத்தில் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தன. இரவுக் குண்டுவீச்சுக்கு அடித்த கறுப்பு அப்படியே தொடர்ந்தது. பிரிட்டிஷ் இயற்பியலாளர் பாட்ரிக் பிளாக்கெட்டின் ஆய்வுக் குழுவினர் இதைச் சோதித்தார்கள். மேகமூட்டமான பகல் வானத்தின் முன்னே விமானம் எப்போதும் வானைவிட இருட்டாகத்தான் தெரியும், எனவே எவ்வளவு வெளுப்போ அவ்வளவு நல்லது. வெள்ளை அடித்த விமானம் கறுப்பு விமானத்தைவிடச் சராசரியாக 20 சதவீதம் அருகே வந்த பிறகே கண்ணில் பட்டது. நீர்மூழ்கி முங்குவதற்கு எடுக்கும் சில நொடிகளில் அந்த 20 சதவீதம் உயிர்கள். அப்படிக் கண்ணிலிருந்து நழுவுவதற்காகக் கணக்கிட்டுப் பூசிய வெள்ளையைத்தான் வரைஞர் வெள்ளைத் தாளில் வரைய வேண்டும். அது தாளோடு கலந்து காணாமல் போகாமல் இருக்க விளிம்பில் ஒரு சாம்பல் நிழலைப் போடுகிறார். தாளின்மேல் அந்த வெள்ளை எப்படியும் தெரிந்துவிடுகிறது. கிருஷ்ணகிரிக் கருங்கல்லை வாங்க வருகிறவர் பலகையின்மேல் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார், நனைந்ததும் கல் தன் நிறத்தைத் திறந்து காட்டும். புரொஃபைலும் எப்போதும் நனைந்த கல்லையே காட்டுகிறது. காய்ந்த கல்லில்தான் வீடு கட்டியிருக்கிறார்கள்.

1942 ஏப்ரல் 4ஆம் தேதிப் புரொஃபைல் ஒன்று இந்த வகைப் புத்தகங்களில் அடிக்கடி வருவது. கனடிய விமானப்படையின் 413ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலினா, வரிசை எண் ஏ.ஜே. 155, உடலில் கியூ.எல். ஏ என்ற எழுத்துகள், தலைமை விமானி லியனார்ட் பர்ச்சல். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் இருந்த அந்தப் பிரிவு கொக்கலைக்கு வந்து சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அன்று மாலை இலங்கைக்குத் தென்கிழக்கே நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களை அவர்கள் கண்டார்கள். செய்தியை ரேடியோவில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீரோ விமானங்கள் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்துச் சிறைப்பட்டார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின்மேல் குண்டு விழுந்தது, ஒன்பதாம் தேதி திருகோணமலையில். இடையில் ஆறாம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட, சென்னை நகரமே வெளியே ஓடியது. அன்று மாலை அந்த விமானத்தின்மேல் இருந்தது வடகடலின் சாம்பல் அலைகளுக்கு என்று தீட்டிய நிறம்தான். வெப்பமண்டலத்து நீலத்துக்கு மாற்ற நாள் இருந்திருக்காது. வட்டக்குறியின் நடுவில் சிவப்பும் இன்னும் இருந்த காலம். அந்தப் பொருந்தாத நிறம் ஜப்பானியக் கண்ணுக்கு அதை முன்கூட்டியே காட்டியதா என்று கேட்கத் தோன்றுகிறது. பதிலைச் சொல்லக்கூடிய உலோகம் இந்தியப் பெருங்கடலின் அடியில் கிடக்கிறது. இந்த ஒரு விமானத்தை மட்டும் சுத்தமாக, கறையில்லாமல் வரைவது ஏனோ உறுத்துகிறது. ஷெட்லாந்திலிருந்து இலங்கை வரை பறந்து வந்த விமானம் அது. எஞ்சின் புகை பின்னோக்கி வழிந்த கறுப்பும், ஏணி சாய்த்த இடத்தில் தேய்ந்து வெளிப்பட்ட உலோகமும் அந்த ஒன்பது பேரும் அன்றாடம் தொட்டுப் புழங்கியதன் சுவடுகள். அவற்றைத் துடைத்துவிட்டுப் படத்தின் கீழே பர்ச்சலின் பெயரை எழுதினால் பெயர் தனியாக நிற்கிறது.

பெங்களூருக்குத் திரும்பினால் இதைவிடப் பெரிய துடைப்பு ஒன்று தெரிகிறது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படையினர் பி-24 லிபரேட்டர் விமானங்களைக் கான்பூரில் கொண்டுபோய்க் குவித்து, யாரும் பறக்கவிட முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். 1948இல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டின் விமானி ஜிம்மி முன்ஷி அவற்றை, பறக்கும் அளவுக்குச் சரிசெய்தபின், ஒவ்வொன்றாகக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அங்கே தொழிலாளர்கள் 42 விமானங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தைக் குப்பையிலிருந்து மீட்டெடுப்பது, நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில். சில குண்டுவீச்சுப் பிரிவுகளுக்குப் போயின. 6ஆம் ஸ்குவாட்ரனில் அவை கடல் கண்காணிப்பு விமானங்களாயின. 1968 முடியும்வரை, உலகில் வேறு எந்த விமானப்படையும் லிபரேட்டரை விட்டுவிட்ட பிறகும், அரபிக்கடலின் மேலே அவை சுற்றிக்கொண்டிருந்தன. இன்று உலகில் மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்களில் பல, இந்த 42இலிருந்து மிஞ்சியவை. ஒன்று டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் எச்.இ. 924 என்ற தன் இந்திய எண்ணோடு நிற்கிறது. பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு 1974இல் போன எச்.இ. 807 அங்கே பழைய பிரிட்டிஷ் எண்ணுக்கு, கே.என். 751க்குத் திரும்பிவிட்டது. அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்கு ஒன்று, கனடாவுக்கு ஒன்று. எச்.இ. 771இன் கதை இன்னும் நீளமானது. 1944 ஆகஸ்டில் டெக்சாஸில் பிறந்து, பிரிட்டிஷ் படையில் ஓரிரு ஆண்டு, பிறகு கான்பூர் குவியல், பிறகு பெங்களூர், பிறகு இந்திய விமானப்படையில் இருபது ஆண்டு. 1980களில் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை அதை வாங்கிப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பின்னர் விட்ச்கிராஃப்ட் என்ற புகழ்பெற்ற போர் விமானத்தின் நிறத்தைப் பூசியது. ஐரோப்பாவில் 130 முறை குண்டு வீசப் போய்த் திரும்பிய ஒரு விமானத்துக்கு அது நினைவுச் சின்னம். அந்த வீரர்களின் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்த உடலின்மேல் இருக்கும் நிறம், அந்த உடல் ஒரு நாளும் சுமக்காத நிறம். அது மிக நீண்ட காலம் சுமந்த நிறம் அதன்மேல் மறுபடி பூசப்படவில்லை, அநேகமாக வரையப்படவும் இல்லை. புரொஃபைல் புத்தகங்களில் லிபரேட்டருக்குப் பக்கம் பக்கமாக அமெரிக்கப் படங்கள், சில பிரிட்டிஷ் படங்கள். இந்தியப் படம் இருந்தால் கடைசிப் பக்கத்தில் ஒன்று.

வெளிர் நீலத்தின் ஷேடு எது என்ற கேள்வியைவிட இது ஆழமாகக் குத்துகிறது. ஷேடு தவறினால் ஒரு நிறம் பிசகுகிறது. ஒரு விமானத்தின் வாழ்நாளில் எந்த நாளை வரைவது என்பதில் தவறினால், அந்த நாளுக்கு முன்னும் பின்னும் அதைத் தொட்டவர்கள் எல்லோரும் படத்திலிருந்து போய்விடுகிறார்கள். பெங்களூர்த் தொழிற்சாலையின் டோப் கொட்டகையில் வேலை பார்த்தவர்கள் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசியவர்கள், இன்றைய ஓசூரைப் போலவே. புரொஃபைலின் கீழே விமானியின் பெயர் வரும், சில நேரம் வரைஞரின் பெயரும் வரும். பெயின்டரின் பெயர் வந்ததில்லை, நிறம் முழுக்க அவருடையதாக இருந்தும். இதற்காகப் புரொஃபைலே கூடாது என்று சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். தேர்ந்தெடுக்காமல் ஒரு கோடுகூட விழாது. தேர்ந்ததை மறைக்காமல் இருக்க முடியும். நல்ல வரைஞர்கள் சிலர் படத்தின் கீழே எந்தப் புகைப்படத்தைப் பார்த்தார்கள், எது ஊகம் என்று இரண்டு வரி எழுதுகிறார்கள். வலப்பக்கத்துக்குச் சான்று கிடைக்காவிட்டால் வலப்பக்கத்தை வரையாமலே விடுகிறார்கள். அந்த இரண்டு வரி படத்தின் அழகைக் குறைப்பதில்லை. பதிப்பாளர்கள் இடம் போதாது என்று முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

எச்.இ. 771ஐ அதன் இந்திய ஆண்டுகளில் யாராவது ஓசூரிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து வரைவதாக வைத்துக்கொண்டால், நீலமோ சாம்பலோ வருவதற்கு முன்பே அவர் ஓர் ஆண்டைச் சொல்லியாக வேண்டும். 1949 என்றால் உடலிலும் இறக்கையிலும் அசோகச் சக்கரம். விமானப்படை அந்த இரண்டு ஆண்டு அளவில்தான் அதைத் தன் குறியாக வைத்திருந்தது. 1951 என்றால் குடியரசு வந்துவிட்டது, வட்டத்தின் நடுவில் காவி, சுற்றி வெள்ளை, வெளியே பச்சை. சக்கரத்தை அழித்து மூவண்ணத்தை எழுதிய இடத்தில், புதுப் பெயின்டைச் சுற்றிலும் பழைய பெயின்டின் வெளுப்பு ஒரு வளையமாகத் தெரிந்திருக்க வேண்டும். 1950ஐத் தேர்ந்தால் அந்த வளையத்தை வரைய வேண்டியிருக்கும், அதற்குப் புகைப்படம் கிடைக்காவிட்டால் ஊகம் என்று எழுத வேண்டியிருக்கும். 1967ஐத் தேர்ந்தால் பதினேழு கோடைகளின் வெயிலை.